காலி எடை

கூழ் ஆலையில் எடைமேடைக் குமாஸ்தா நான்.
மாங்காய் லாரியைப் பாரத்தோடு ஒருமுறை நிறுப்பேன்,
இறக்கிய பின் ஒருமுறை.
கழித்து வருவதுதான் பழம்.
மிச்சமெல்லாம் இரும்பு, டீசல்,
டிரைவரின் சாப்பாட்டுக் கேரியர்.

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக்குப்
பத்தொன்பது வருசத்து சிமெண்ட் ஷீட்.
குரங்கு குதித்த விரிசலுக்குத் தார்,
தார் உருகிய இடத்துக்கு பேனர் துணி,
போன ஆடிக்காற்றில் அதுவும் போய்
நிரோஷாவின் ரெக்கார்டு நோட்டில்
தவளையின் இதயம் கரைந்து வழிந்தது.

மூன்று பேரிடம் விலை கேட்டேன்.

திம்மராயன் கல்யாணப் பத்திரிகையின் பின்புறம் எழுதித் தந்தார்:
480 சதுரடி, அடிக்கு 145.
மொத்தம் 69,600. கீழே ஒரு பிள்ளையார் சுழி,
மேலே போட மறந்ததோ என்னவோ.

ஓசூர் கம்பெனி வழவழத் தாளில் அனுப்பியது:
616 சதுரடி, அடிக்கு 165, வரி தனி.
எறும்பு எழுத்தில் பதினான்கு நிபந்தனை.
லட்சத்து இருபதாயிரத்துக்கு அறுபத்தைந்து ரூபாய்தான் குறைவு.

இலியாஸ் பாய் மட்டும் ஏணி கேட்டார்.
போல்ட் வரிசை பார்த்து பூனை மாதிரி மேலே நடந்தார்.
நாற்பது பக்க நோட்டில் கிழித்த தாளில்
எல்லாம் சேர்த்து 1,08,000.
கடைசி வரி: 'பின்சுவர் மேல்பட்டை, பிரித்துப் பார்த்தபின்.'

'குறைஞ்சதப் பாத்து முடிச்சிடு'
நைட் ஷிப்டிலிருந்து வீட்டுக்காரர்.

ஒரே வீடு எப்படி இரண்டு அளவாகும்?
நிரோஷாதான் டேப்பைப் பிடித்தாள்.
திம்மராயன் தரையை அளந்திருக்கிறார்.
மழை தரையில் விழுவதற்கு முன்னால்
சரிவில் அல்லவா விழுகிறது?
சரிவும், சுவர் தாண்டி நீளும் இறவாரமும் சேர்த்தால் 616.
'இது கர்ணம்மா' என்றாள்,
பத்தாம் வகுப்பு முதல்முறை எதற்கோ உதவியதுபோல.

அவர் விலையையே அவர் மேல் ஏற்றி நிறுத்தேன்.
616க்கு 89,320.
எழுதாமல் விட்ட முகட்டுத் தகடு 4,400.
பழைய ஷீட்டை நனைத்து, உடையாமல் இறக்க 6,000.
வண்டி வாடகை 2,500.
லட்சத்து இரண்டாயிரத்து இருநூற்றி இருபது.
தகட்டின் கனமோ புள்ளி மூணு அஞ்சு;
பாய் எழுதியது புள்ளி அஞ்சு.
ஆலங்கட்டிக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

போன் போட்டேன்.
'அக்கா, அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்' என்றார் திம்மராயன்.
நல்ல மனுசன். பொய் சொல்லவில்லை.
ஆனால் என் மேடையின் சீட்டில்
'அப்புறம்' என்று ஒரு கட்டம் கிடையாது.

பாய் எழுபதாயிரம் முன்பணம் கேட்டார்.
இப்போது நாற்பது,
ஷீட் வந்து நான் கனம் அளந்தபின் நாற்பது,
மீதி ஒரு மழை நனைந்தபின், என்றேன்.

'மழை எப்ப வரும்னு யாருக்குமா தெரியும்?'

'உங்க தாள்லயும் பிரிச்சுப் பாத்தாதான்
தெரியும்னு ஒரு வரி இருக்கே பாய்.'

டீ ஆறியது.
பேனாவைத் தட்டினார், உதறினார்,
என்னிடமே வேறு பேனா வாங்கி எழுதினார்:
'மீதி 28,000, ஒரு மழைக்குப் பின்.'
பிறகு தானாகவே சேர்த்தார்:
'மேல்பட்டை எவ்வளவு ஆனாலும் ஆறாயிரத்துக்கு மேல் இல்லை.'

வெள்ளிக்கிழமை வேலை ஆரம்பம்.
புதன் ராத்திரியே தூறல் பிடித்தது.
வாளியைக் கட்டில் பக்கம் நகர்த்தினேன்.
டக், டக்.
'அம்மா, மழை வந்துடுச்சே' என்றாள் நிரோஷா தூக்கத்தில்.

தூங்குடி.
இது கணக்கில் சேராது.