குடும்பப் பெயர்

முதல் கட்டத்திலேயே சிக்கிக்கொண்டேன்.
குடும்பப் பெயர் என்று கேட்டது
தைவான் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகைப் படிவம்.
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
நிரப்பாமல் நகர விடாது.

எங்கள் வீட்டில் குடும்பம் உண்டு,
ஆளுக்கொரு பெயர் உண்டு,
இரண்டும் சேர்ந்து ஒரு சொல்லாக இல்லை.
"அப்பா பேரப் போடு பாப்பா, எல்லாரும் அதான் போடுறாங்க"
என்றார் மஞ்சக்குப்பம் இ-சேவை மையத்து ரெஜினா அக்கா,
யாருடைய பட்டாவையோ நகலெடுத்தபடி.

பதினெட்டு வருடம் என் பெயருக்கு முன்னால்
ஒற்றை எழுத்தாய், ஒரு புள்ளியோடு நின்றவர்
அன்று முழுதாய் நடந்துபோய்ப்
பின்னால் நின்றார்:
நப்பின்னை தணிகாசலம்.

தேடத் தொடங்கியது தை மாதம்.
கொரியாவுக்கு ஒட்டிய உறை வேண்டும்,
ஒட்டிய இடத்தின்மேல் தலைமையாசிரியை கையெழுத்து வேண்டும்.
ஜப்பானுக்கு நெஞ்சுப் படம்.
அரசு மருத்துவமனை வரிசையில்
எனக்கு முன்னால் இருமியவரெல்லாம்
என்னைப் பாவமாய்ப் பார்த்தார்கள்.
சிங்கப்பூர் தரும், தந்துவிட்டு
மூன்று வருடம் அங்கேயே வேலை பார் என்று கையெழுத்துக் கேட்கும்.
மலேசியாக் கல்லூரி ஒன்று
கட்டணத்தில் முப்பது சதவீதம் தள்ளுபடி என்றது.
அம்மா கேட்டாள்,
"மீதி எழுபத யாரு தள்றது?"

கிராம நிர்வாக அலுவலர் எழுதிக் கொடுத்தார்
ஆண்டு வருமானம் எழுபத்திரண்டாயிரம்.
அதே வாரம் இன்னொரு படிவம்
வங்கியில் பத்து லட்சம் இருப்புக் காட்டச் சொன்னது.
ஏழையாக இருந்ததற்கு ஒரு சான்று,
ஏழையாக இல்லாததற்கு ஒரு சான்று.
இரண்டையும் ஒரே கிளிப்பில் மாட்டி
கெடிலம் பாலத்தில் சைக்கிள் மிதித்தேன்.

'நீங்கள் கடந்துவந்த இடர், ஐந்நூறு சொற்களில்.'
தானே புயலை எழுதினேன்.
அப்போது எனக்கு நாலு வயது,
ஞாபகம் இருப்பது ஈரப் பாய் மட்டும்.
மற்றதை அம்மாவிடம் கடன் வாங்கினேன்.
எங்கள் வகுப்பில் மூன்று பேர் அதே புயலை எழுதினோம்.
ஒரே தகரக் கூரை
மூன்று வீட்டிலிருந்து பறந்தது.

கடைசி நாள்.
அவர்களுக்கு மாலை ஐந்து என்றால்
நமக்கு மதியம் இரண்டரை.
இரண்டு இருபத்தாறுக்கு 'சமர்ப்பி' அழுத்தினேன்.
வட்டம் சுற்றியது.
ரெஜினா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

வைகாசியில் மின்னஞ்சல் வந்தது.
'அன்புள்ள திரு. தணிகாசலம்' என்று தொடங்கியது.
சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் முடித்து
பாய்லர் வாடையோடு சாப்பிட உட்கார்ந்தவர்
போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்தார்.
"எனக்கா எழுதியிருக்கான்?"

இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன்,
சொல்லவில்லை.
காத்திருப்போர் பட்டியலில் ஏழாவது இடம்
என்பதை மட்டும் படித்துக் காட்டினேன்.

"பேர் சொல்லிக் கூப்டுருக்கான்.
பதில் போடணும்ல."
இட்லியை ஓரம் வைத்துவிட்டு அப்பா சொல்லச் சொல்ல
ஆங்கிலத்தில் அடித்தேன்.
'ஐயா, வணக்கம். நாங்கள் நலம், உங்கள் நலம் அறிய ஆவல்.
நிற்க.'

அங்கே விரல் நின்றது.
அந்தச் சொல்லுக்கு ஆங்கிலம் தெரியவில்லை.
இருபது வருடம் பாய்லர் முன் நின்றவருக்கு
அது ஒரு கடிதச் சடங்கு, அவ்வளவுதான்.
"என்ன யோசிக்கிற?"
"ஒண்ணுமில்லப்பா."

நிற்க என்றே ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பினேன்.

அப்பா தூங்கிவிட்டார்.
ஹாங்காங் படிவம் திறந்து கிடக்கிறது.
எனக்கு முன்னால் ஆறு பேர்,
ஹனோயிலோ டாக்காவிலோ,
இந்நேரம் எந்த ஊர்ப் படிவத்தில்
யார் பெயரைப் பின்னால் நிறுத்துகிறார்களோ.
ஒருவர் வேண்டாமென்று சொன்னால் ஆறு.