பதினாறு கிளிக்

காயிலோவர் மாட்டிய அன்று
வீட்டுச் சரிவில் முன் பம்பர் உரசியது.
விஜிலா வெளியே வந்து பார்த்தாள்.
"வண்டி நிக்கா, உக்காந்திருக்கா?"
நாற்பது மில்லிமீட்டர் இறக்கியிருக்கு என்றேன்,
பெரிய காரியம்போல.

பார்வதிபுரத்து ஷெட்டில் ரெஜின் சொன்னதுதான்:
தாழ்ந்தால் தரையைப் பிடிக்கும்,
இறுகினால் வளைவில் சாயாது,
எக்ஸாஸ்ட் அகலமானால் இன்ஜின் மூச்சு விடும்.
எல்லாம் உண்மை.
வில்லுக்குறி வேகத்தடையை அவன் சொல்லவில்லை.
சுங்கான்கடையில் பாதி மூடிய குழியையும்,
ஜன்னலை ஏற்றினாலும்
மண்டைக்குள் முழங்கும் ஒற்றைச் சுருதியையும்.

அவள் கேக் செய்கிறவள்.
கல்யாண மாதங்களில்
பின்சீட்டை மடக்கி மூன்றடுக்கு ஒன்றை ஏற்றுவோம்.
முளகுமூட்டுக்குப் போன அந்தச் சனிக்கிழமை
மேலடுக்கு இரண்டு விரல் நகர்ந்திருந்தது.
மணப்பெண் பெயரில் 'ஷை' அட்டைப்பெட்டியில் ஒட்டிக்கொள்ள
'னி' மட்டும் மிச்சம்.
பாரிஷ் ஹாலின் பின்பக்கம்
கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கி முக்கி
அவள் கிரீமை வழித்துப் பூசினாள்.
நான் குடை பிடித்தேன்.
மழையில்லை, வெயிலும் இல்லை.
எதையாவது பிடிக்க வேண்டியிருந்தது.

திரும்பும்போது நாங்கள் பேசவில்லை.
எக்ஸாஸ்ட் பேசியது.

பழைய ஸ்பிரிங்கைக் கேட்டுப் போனேன்.
ரெஜின் அதை விற்றுவிட்டிருந்தான்.
"லேய், டாம்பர் தலையில ஒரு திருகு உண்டும்லா,
தெரியாதா ஒனக்கு?"
எட்டு மாதம் ஓட்டியிருக்கிறேன். தெரியாது.

பானெட்டுக்குள் இரண்டு, டிக்கிக்குள் இரண்டு.
இடது பக்கம் திருப்பினால் இளகும்,
ஒவ்வொன்றுக்கும் பேனா மூடி அடைகிற சத்தம்.
முப்பதில் குளச்சல் வள்ளம்.
நாலில் முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டியது.
டாஷ்போர்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து
தக்கலையிலிருந்து தோட்டியோடு வரை போய்வந்தோம்.
முட்டைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
அவள் எழுதினாள்:
பட்டர்கிரீம், பதினாறு.
ஃபாண்டன்ட், பதிமூன்று தாங்கும்.
அம்மைக்கு இடுப்பு வலி, இருபது.
ரெஜின் ஏறினால், இரண்டு.
அதன் கீழே 'காலிப் பெட்டி' என்று எழுதி
எண் போடாமல் விட்டிருந்தாள்.

உயரத்தில் இருபத்தைந்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
பதினைந்தை எனக்கு வைத்துக்கொண்டேன்.
எக்ஸாஸ்ட் நடுவில் ஒரு டப்பா வந்தது.
"குரல் போச்சே" என்றேன்.
"இருமல்தான் போச்சு" என்றாள்.

போன வாரம் வள்ளியூருக்கு ஒரு கேக்.
இறக்கிவிட்டு வரும்போது முப்பந்தலில்
காற்றாலைகள் முழுவேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.
"நிறுத்து" என்றாள்.
இறங்கி டிக்கியைத் திறந்து
வெறும் பெட்டியை ஒதுக்கினாள்.
கிளிக், கிளிக். காற்றில் பாதிதான் கேட்டது.
எத்தனை என்று நான் கேட்கவில்லை.
புருவத்தில் ஐசிங் தூளோடு வந்து உட்கார்ந்து
பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.
"இனி ஓட்டு, பாப்போம்."

முன்சக்கரங்கள் இன்னும் பதினாறில்தான் இருந்தன.
நான் அதைச் சொல்லவில்லை.
கியரை மாற்றினேன்.