ஃப்ரிட்ஜ் விற்ற வாரம்

இருபத்தெட்டாம் தேதியோடு விசா முடிகிறது,
நீட்டிப்பு இல்லை என்று கடிதம் வந்த அன்று
மாயேபூரில் கரும்புச் சாம்பல் பெய்துகொண்டிருந்தது.
கொடியில் கிடந்த அவருடைய வெள்ளை அங்கியைத் தட்டினேன்.
தட்டத் தட்டக் கரிதான் பரவியது.

அவர் பெட்டிகளை எடைபோடத் தொடங்கினார்.
ஆளுக்கு இருபத்துமூன்று கிலோ.
எடைக்கருவியில் தான் ஏறி நின்று,
பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறி,
கழித்துப் பார்ப்பார்.
கழித்துக் கழித்து ஐந்து வருடம்
தொண்ணூற்றிரண்டு கிலோவுக்குள் வந்துவிட்டது.

ஊரிலிருந்து சங்கம் ஒரு படிவம் அனுப்பியிருந்தது.
ஊழியத்தின் பலன், எண்ணிக்கையில்.
பதினொன்று என்று எழுதினார்.
இரண்டு பேர் போன கிறிஸ்துமஸுக்கே
எதிர்த்தெருச் சபைக்குப் போய்விட்டது ஞாபகம் வந்து
அடித்து, ஒன்பது.
புயலடித்த ராத்திரி
மதாம் ஜிஸ்லேன் வாயில் ஆணியைக் கடித்துக்கொண்டு
எங்கள் ஜன்னலுக்குப் பலகை அடித்ததை
எந்தக் கட்டத்தில் எழுத?
அது அவள் ஊழியம். எங்களுடையது இல்லை.

எமீமாளுக்கு ஏழு வயது, பெரிய மனுஷி.
வகுப்பில் எல்லோருக்கும் சாயர்புரத்து முகவரி
எழுதிக் கொடுத்துவிட்டாள்.
அந்த வீட்டை அவள் பார்த்தது இரண்டே முறை.

ஆசேர் இங்கே பிறந்தவன்.
விமானம் வயிறு தெரியத் தாழ்ந்து போகும் ஊர் இது.
போகிற ஒவ்வொன்றுக்கும் கை காட்டியவன்
இப்போது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறான்.
மோ பா லே என்கிறான். கிரியோலில் 'எனக்கு வேண்டாம்'.
சோற்றுக்கும் மோ பா லே.
குளிக்கக் கூப்பிட்டாலும் மோ பா லே.
"பாத்தியா, லே போட்டுத்தான் முடிக்கான்,
நம்ம ஊர் ரத்தம்லா" என்று அவர் சிரித்தார்.

வியாழக்கிழமை மொசியே வீராப்பென் வேன் கொண்டுவந்தார்.
ஐயாயிரம் ரூபாய். ஐஸ் தட்டும் சேர்த்து.
ஃப்ரிட்ஜ் நின்ற இடத்தில்
ஒரு சதுரம் மட்டும் தரை புதிதாக இருந்தது.

சனிக்கிழமை பார்த்தால்
பாஸ்போர்ட் மூன்றுதான்.

வீடு தலைகீழானது.
கட்டிய பெட்டியெல்லாம் அவிழ்ந்தது.
கட்டிலருகே முழங்காலில் நின்றார் அவர்,
தேடுகிறாரா ஜெபிக்கிறாரா தெரியவில்லை.
தூதரகத்தில் யாரும் போன் எடுக்கவில்லை.
ஆசேர் முற்றத்தில் தன்பாட்டுக்கு
ஒரு நத்தைக்கு வழி காட்டிக்கொண்டிருந்தான்.

திங்கள் சாயங்காலம்
சந்தை கலைந்து தெருவெல்லாம் முட்டைக்கோஸ் இலை.
வீராப்பென் ஸ்கூட்டரில் வந்தார், ஒரு துவாலைப் பொட்டலத்தோடு.
அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்:
வணக்கம், நல்லது, அரோகரா.
மூன்றையும் சொல்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்.
கருநீல அட்டை, ஓரம் நனைந்து சுருண்டு.
ஐஸ் தட்டுக்கு அடியில் இருந்ததாம்.
அரோகராவுக்கு
இவர் ஆமென் சொன்னார், கண்ணில் நீரோடு.

கடைசி ஞாயிறு
காணாமற்போன வெள்ளிக்காசைப் பற்றிப் பிரசங்கம்.
விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கி
தேடிக் கண்டெடுத்த பெண்ணைப் பற்றி.
பிறகு பாஸ்போர்ட் கதையைச் சாட்சியாகச் சொன்னார்.
மதாம் ஜிஸ்லேன் மூக்கைச் சிந்தினாள்.

முன்வரிசையில் நான்.

புதன்கிழமை ராத்திரியே பார்த்துவிட்டேன்.
பனியைச் சுரண்டித் தட்டைத் தூக்கினால்
என் கைக்குட்டையில் சுற்றி, நேர்த்தியாக.
பிரித்தேன்.
கழுத்து நிற்காத பருவத்தில் எடுத்த படம்.
பின்னாலிருந்து தாங்கிய என் கையை
ஸ்டூடியோக்காரர் வெட்டிவிட்டார்,
ஒரு விரல்நுனி மட்டும் தப்பியிருக்கும், அவன் காதோரம்.
மறுபடி சுற்றினேன்.
இருந்தது இருந்தபடியே வைத்து
கதவைச் சாத்தினேன்.
மோட்டார் ஒருமுறை உறுமி அடங்கியது.

கூரைக்கு மேல் விமானம் போனது.
சத்தம் கடக்கட்டும் என்று அவர் நிறுத்தினார்,
பிறகு கையை உயர்த்தினார்.
எல்லோரும் ஆமென் என்றார்கள்.
நானும் வாயைத் திறந்தேன்.
ஆசேர் என்னை அண்ணாந்து பார்த்தான்,
நான் என்ன சொல்லப்போகிறேன் என்று.