ஈர எடை

எடைப்பாலத்தின் ஓரத்தில்
ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் நான்.
லொறி ஏறும், எண் துடிக்கும், நிற்கும்:
இருபத்திரண்டாயிரத்து நானூற்று எண்பது.
கொட்டிவிட்டுத் திரும்பி வரும்:
பதினான்காயிரத்து நூற்று அறுபது.
நிறைவண்டியில் வெறுவண்டி போக
மிஞ்சுவதுதான்
வுப்பர்ட்டால் நகரின் ஒரு மூலை
இந்தக் கிழமை வாசித்து முடித்தது.

பதினொரு வருசம் இதே வேலை.
டீசல் புகைக்குள்ளும் மணத்தில் சொல்லுவேன்
வருவது நீலத் தொட்டியா, மஞ்சளா, பழுப்பா என்று.
செதாத் ஏறி நிற்கும்போதெல்லாம்
ஜன்னலை இறக்கி,
"என் தொந்தியும் சேர்த்தியா?" என்பான்.
சேர்த்தி இல்லை.
இரண்டு தரமும் அவன் உள்ளேதான் இருக்கிறான்,
கழிக்கும்போது போய்விடுவான்.

மழை ஊர் இது.
ஆற்றின் மேலே தொங்கு ரயில் நனைந்தபடி போகும்.
உப்பு விற்கப் போனால் மழை என்று
நொந்துகொள்வார்கள் எங்கள் பக்கம்.
பழைய பேப்பர் வியாபாரத்தில் அந்தத் துக்கம் கிடையாது.
மூடி சாத்தாத தொட்டி,
வாசலில் கட்டி வைத்த நாளிதழ்,
பிட்சா பெட்டி, சப்பாத்துப் பெட்டி
எல்லாம் வயிறு முட்டக் குடித்துவிட்டு வரும்.
அதே தெரு, அதே வீடுகள், அதே செவ்வாய்க்கிழமை,
ஆயிரத்துத் தொண்ணூறு கிலோ கூட.

பேப்பர் ஆலைக்காரன் கெட்டிக்காரன்.
ஊசி குத்தி ஈரம் பார்த்து
தண்ணீரைக் கழித்துவிட்டுத்தான் காசு தருவான்.
நாங்கள் கழிக்கவில்லை.
என் கூண்டின் எண்
அப்படியே ஆண்டறிக்கைக்குள் ஏறியது.

மறுசுழற்சி: எழுபத்தொன்று தசம் மூன்று சதவீதம்.
பச்சை அட்டை, அதில் ஓர் அணில்,
இரண்டாம் பக்கத்தில் ஹெர் பீப்பரின் சிரிப்பு,
கன்டீனில் எல்லோருக்கும் ஆப்பிள் கேக்.
நானும் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.
நவம்பர் நனைந்தால்
நகரம் நல்ல நகரம்.
வெயில் எரித்த வருசம் மட்டும்
மக்களுக்கு அக்கறை குறைந்துவிட்டதென்று
ஒரு பந்தி கவலைப்பட்டிருந்தார்கள்.

தணிக்கைக்கு வந்தவள் ஃபிராவ் ஹெல்விக்.
குடையை என் வாசலில் உதறினாள்.
தராசின் முத்திரை பார்த்தாள், தேதி பார்த்தாள்.
எல்லாம் சரி. தராசு ஒருநாளும் பொய் சொல்லவில்லை,
அதுதான் சிக்கல்.
பேனையை மூடிக்கொண்டே
"வேறு ஏதாவது?" என்றாள்,
கேட்கவேண்டுமே என்று கேட்கும் கேள்வி.

வெளியே செதாத்தின் லொறி.
பின்கதவின் அடியிலிருந்து
தண்ணீர் நூலாய் இறங்கி
இரும்பைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.
நாங்கள் பார்த்திருக்கவே
எண் இருபது கிலோ குறைந்தது.
நான் விரலை மட்டும் நீட்டினேன்.
என் ஜெர்மன் நீண்ட வசனங்களில் தடுக்கி விழும்.
இதற்கு வசனம் தேவைப்படவில்லை.

பிறகு மூன்று கூட்டம், பதினாறு மின்னஞ்சல்.
ஒரு மாதம் ஹெர் பீப்பர்
எனக்குக் காலை வணக்கம் சொல்லவில்லை.
அவரில் பிழை சொல்லமாட்டேன்.
சனிக்கிழமைச் சந்தைகளில் கால்கடுக்க நின்று
தயிர்க் கோப்பை எங்கே, தகரம் எங்கே என்று
தொண்டை கட்டக் கத்தியவர் அவர்.
அந்த எழுபத்தொன்றில்
அவருடைய வியர்வையும் கொஞ்சம் இருந்தது,
அதுவும் ஈரம்தானே.

புது அறிக்கை வந்துவிட்டது.
அறுபத்தெட்டு தசம் ஒன்பது.
அணில் அப்படியே இருக்கிறது. கேக் இல்லை.
முப்பத்துநான்காம் பக்கத்தின் காலடியில்
எறும்பு எழுத்தில்
இரண்டே வார்த்தை: ஈரப்பதம் கழித்து.
மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு
நாலு தரம் வாசித்தேன்.

இன்று காலையும் கொட்டுகிறது.
செதாத் ஏறி நிற்கிறான், ஜன்னலை இறக்குகிறான்.
"தொந்தி?"
சேர்த்தி இல்லை.
"மழை?"

பச்சை விளக்கைப் போட்டேன்.