கூரை போவதற்கு முன்

லேக் சார்ல்ஸில், கார் நிறுத்தும் கட்டடத்தின்
மூன்றாம் தளத்தில், தூணோடு இடுப்பைக் கட்டிக்கொண்டு
படம் பிடித்தேன்.
லென்ஸைத் துடைக்க உலர்ந்த துணி இல்லை;
கடைசியில் காலுறையின் உட்புறம்.
மைக் எப்போதோ செத்துவிட்டது.
அவ்வளவு பெரிய காற்று
பதிவில் வெறும் கரகரப்பு.

எதிர்த் தெருவில் ஒரு வீடு. நீலக் கதவு.
பதினோரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு நான்கு விநாடி.
சேனல்கள் வாங்குவது அந்த நான்கைத்தான்,
விலைகூடப் பேசியாகிவிட்டது.

மறுநாள் சேற்றில்
ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த
இறால் படகுக்காரி ஓடில் ஃபோன்டனோ
நிமிர்ந்து கேட்டாள்:
"என் வீட்டை எடுத்தாயாமே, காட்டு."

கூரை எழும் இடத்துக்கு ஓட்டினேன்.
"அது வேண்டாம். முன்னால் போ."

உள்ளங்கை அளவுத் திரையில்
மழை சாய்ந்து அடித்தது.
வீடு நின்றது.
"சமையலறை ஜன்னலை மூடாமல் வந்திருக்கிறேன், பார்,
புத்தி கெட்டவள்" என்று
தன்னையே திட்டிக்கொண்டாள்.
பேட்டரி ஒன்பது சதவீதம் என்றது.
நான் சொல்லவில்லை.

நீலக் கதவு ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.
"தாழ்ப்பாள் நல்ல தாழ்ப்பாள்" என்றாள்.

வீடு இன்னும் நின்றுகொண்டிருந்தது.