நான்கு டயர்

மலைக்கு அந்தப் பக்கம் டயர் பாதி விலை.
மெந்தோசாவில் எல்லாரும் போடும் கணக்கு இது:
வழுக்கையாகிப் போன நாலு சக்கரத்தில்
ஆண்டீஸ் ஏறி இறங்கி
புதியது நாலு மாட்டிக்கொண்டு திரும்புவது.
ஏறும்போது உயிர் போகாமலிருந்தால் லாபம்.

வியாழன் விடியுமுன் கிளம்ப வேண்டும்.
திங்களன்று சமையல் மேசையில் காகிதங்களைப் பரப்பினேன்.
காப்பீடு இருக்கிறது.
அதில் சிலி என்ற சொல் இருக்கிறதா என்று
கண்ணாடி போட்டுத் தேடினேன்,
இருக்கிறது, பொடி எழுத்தில்.
வண்டியின் பச்சை அட்டை இருக்கிறது.
அட்டையில் பெயர்தான் என்னுடையதில்லை.

ஒஸ்மார் லுதுவெஞா.
பதினோரு வருடம் என் கணவன், ஆறு வருடமாக இல்லை.
தவணை கட்டியது நான். ரேடியேட்டர் மாற்றியது நான்.
மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் இரவு வேலை முடித்து
ஜூன் மாத உறைபனியில்
இதைத் தள்ளி ஸ்டார்ட் செய்தது நான்.
வண்டி யாருடையது என்று தெருநாய்க்குத் தெரியும்.
எல்லைக்குத் தெரியாது.

நோட்டரி அலுவலகத்துக்கு
எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான்.
இந்தப் பழக்கம் புதிது.
மீசையை எடுத்திருந்தான்,
மேலுதடு வேறு யாருடையதோ போலிருந்தது.
குமாஸ்தாப் பெண் உரக்க வாசித்தாள்:
'மேற்படி எதெல்மிரா பார்சோலா
மேற்படி வாகனத்தைத் தாமே ஓட்டி
எந்த நாட்டுக்கும், எத்தனை முறையும்,
காலவரையின்றிக் கொண்டு செல்லலாம்.
எனக்கு ஆட்சேபம் இல்லை.'
பதினோரு வருடத்தில் அவன் வாயிலிருந்து
இப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை.
இப்போதும் வாயிலிருந்து வரவில்லை.
கையெழுத்துப் போட்டான்.

முத்திரைக் கட்டணம் ஆளுக்குப் பாதி.
படியிறங்கும்போது தொண்டையைச் செருமினான்:
'எனக்கும் ரெண்டு வாங்கி வர முடியுமா?
பதினாலு அங்குலம்.'
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன், வேறென்ன செய்ய.

பனிச் சங்கிலி இரவல்.
எதிர்வீட்டு ஹெர்மோஹெனெஸ் கொடுத்தார்,
கூடவே எச்சரிக்கையும்:
தேன் கூடாது, பழம் கூடாது, பன்றிக்கறி கூடாது,
விதை கூடவே கூடாது.
ஓர் ஆப்பிளுக்காக அவர் மைத்துனனை
சுங்கக் கூடத்தில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்களாம்.
இங்கேயே தின்றுவிடுகிறேன் என்றானாம்.
தின்னவும் விடவில்லை.

புதனன்று வண்டியைக் குடைந்தேன்.
இருக்கைகளைக் கழற்றி முற்றத்தில் வைக்க
பின்னிருக்கையில் பூனை ஏறிப் படுத்துக்கொண்டது.
அடியில் கிடந்தவை:
செல்லாக் காசு ஒன்று,
பல் முளைக்கும் வயதில் பையன் கடித்த
ரப்பர் ஒட்டகச்சிவிங்கி, தலை மட்டும்,
பிறகு சூரியகாந்தி விதைத் தொலி, தொலி, தொலி.
நான் ஓட்ட, பக்கத்தில் கால் நீட்டி
கால்பந்து வர்ணனை கேட்டபடி
அவன் கொறித்துத் துப்பியது.
அன்றும் நான்தான் கூட்டினேன்.
வாக்யூம் உறிஞ்சி உறிஞ்சிச் சூடாகி நின்றுவிட்டது.

ஒன்று மட்டும், உடையாமல், முழுசாக,
சீட் பெல்ட் கொக்கியின் வாய்க்குள் சிக்கியிருந்தது.
கொண்டை ஊசி விட்டுப் பார்த்தேன்.
இடுக்கி விட்டுப் பார்த்தேன்.
இன்னும் உள்ளேதான் போயிற்று.

இரவு பத்து மணிக்கு வானொலி சொன்னது:
கணவாய் திறந்திருக்கிறது,
சிறு வண்டிகளுக்கு மட்டும், சங்கிலி அவசியம்.
பையன் தூங்கிவிட்டான்.
பிரமாணப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன்.
விலங்கு: இல்லை.
இறைச்சி: இல்லை.
மண்: இல்லை. (சக்கரத்தில் ஒட்டியிருப்பதைக்
கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.)
விதை:
பேனா அங்கே நின்றது.
அடுப்பில் தண்ணீர் கொதித்து, அடங்கி,
மறுபடி கொதித்தது.

'ஆம்' கட்டத்தில் குறியிட்டேன்.
அளவு: ஒன்று.
இருக்குமிடம்: ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை.