எடைச்சீட்டு

புளியரையில் மழை நிற்பதில்லை, இடைவேளை விடும்.
அப்படி ஓர் இடைவேளையில், இரவு ஒன்று நாற்பதுக்கு,
மாடியறை மேசைமேல் கர்னல் விழுந்தது.
விழட்டும் என்றுதான் ஓடவிட்டிருந்தேன்.
நாற்பத்தொரு லட்சம் முறை தட்டி
ஒருமுறை திறந்த கதவு.

வியன்னாவில் படிக்கும் ஒருத்தி எழுதியிருந்தாள்:
இங்கே ஓட்டை இருக்கிறது, சாட்சி இணைத்திருக்கிறேன்,
பதினான்கு நாள் வாய் திறக்க மாட்டேன்.
இன்று ஒன்பதாவது நாள்.
"ஆபீஸ் வேலையா?" என்றார் டேனியல், புரண்டுகொண்டே.
ஆமாம் என்றேன். பொய்யில்லை.

ஓட்டை எளிமையானது. அதுதான் எரிச்சல்.
ஒரு நிரல் வந்து தன் நீளத்தைச் சொல்கிறது:
இருநூற்றைம்பத்தாறு பைட்.
கர்னல் எட்டிப் பார்க்கிறது. சரி, போகலாம்.
அடுத்த வரியில், நகலெடுக்கும்போது,
அதே இடத்தை மறுபடி எட்டிப் பார்க்கிறது.
அங்கே இப்போது நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு.
இரண்டு பார்வைக்கும் நடுவே
இன்னொரு த்ரெட் வந்து
எண்ணை மாற்றி எழுதிவிட்டுப் போயிருக்கிறது.

படியிறங்கினேன்.
ஆரியங்காவு ஏறப்போகும் ஜல்லி லாரிகள்
எடைமேடைக்கு வரிசையில் நின்றன,
டார்ப்பாய்களில் இருந்து நீர் சொட்ட.
என் போனுக்கு எந்த மாநிலம் என்று தெரியவில்லை,
மலையாளத்தில் ஒரு வரவேற்பு அனுப்பியது,
நான் பாலைக்கூடத் தாண்டவில்லை.

கூண்டுக்குள் பேச்சித்துரை. "எக்கா, உறக்கம் வரலியா?"
"எடை போட்டப்புறம் சரக்கு ஏத்துவாங்களா?"
என்று கேட்டுவிட்டேன்.
"எடை போடுறது லாரிய. கேட்டுல காட்டுறது சீட்ட.
நடுவுல டீக்கடை இருக்குல்லா."
சிரித்தான்.
"சீட்டுல பதினாறு டன்னு இருக்கும்.
சீட்டு பொய் சொல்லாதுக்கா. அது அடிச்ச நேரத்துல நெசம்."
பிறகு சட்டென்று என் முகத்தைப் பார்த்தான்.
"எதுக்குக் கேக்கிய? சர்க்காருக்கா?"
இல்லை என்றேன்.
அவன் சிரிப்பை மடித்து உள்ளே வைத்துவிட்டான்.
அடுத்த லாரியைக் கைகாட்டி அழைத்தான்,
அதன் எண்ணை எனக்குக் கேட்காதபடி சொன்னான்.
எனக்கும் அவனிடம் சொல்ல ஒன்று இருந்தது.
பதினான்காம் நாள்வரை முடியாது.

மேலே வந்து, அந்த வரி எப்போது நுழைந்தது என்று தேடினேன்.
ஆறு வருஷம். எழுதியவன் தோமாஷ்.
அதன் கீழே, சின்னதாய்:
பரிசீலித்தவர், எஸ்தர் ஞானச்செல்வி.
நான்.
அந்தத் தேதியில் என்ன செய்துகொண்டிருந்தேன்?
மின்னஞ்சலைக் கிளறியதில் கிடைத்தது
கேஸ் சிலிண்டர் ரசீது ஒன்றுதான்.
தோமாஷ் கவனமானவன். அவன் எழுதினால் சரியாக இருக்கும்
என்று நினைத்திருப்பேன்.
நினைத்ததுகூட நினைவில்லை.

நான்கு வரி நீக்கினேன், மூன்று சேர்த்தேன்.
நீளத்தை ஒரே ஒரு முறை உள்ளே எடுத்து வா.
வந்ததைச் சோதி. சோதித்ததையே பயன்படுத்து.
வெளியே மறுபடி தலைநீட்டாதே.
மூன்றரை மணிக்கு ஓடவிட்டேன்.
லேப்டாப் விசிறி, அதைவிடச் சத்தமாய் மழை,
எஸ் வளைவில் கியர் மாற்றும் லாரியின் முனகல்.
ஒரு லட்சம். இருபது லட்சம். நாற்பத்தொன்று.
ஆறே முக்காலுக்கு இரண்டு கோடியே மூன்று லட்சம்.
விழவில்லை.
விழாததை எத்தனை முறை எண்ணினால் போதும்
என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பேட்சுக்குத் தலைப்பு வைக்க வேண்டும்.
மோப்பம் பிடிப்பவர்களுக்கு வாசனை வராத தலைப்பு:
'நீளம் படிப்பதைச் சீர்செய்தல்'.
துணி துவைப்பது போல இருந்தது.
பரிசீலித்தவர் என்ற இடத்தைக் காலியாக விட்டு
அன்விதாவுக்கு அனுப்பினேன்.

டேனியல் காபி வைத்துவிட்டுப் போனார்.
அது ஆறுமுன் பதில் வந்தது.
நான்கே நிமிடம்.
பார்த்தேன் அக்கா, சரியா இருக்கு.

கையெழுத்தை ஏற்காமல்
திருப்பி அனுப்பினேன்.
இன்னொரு முறை பார்.